கொடிமரத்துக்கு இந்தப் பக்கம்

பெரியம்மாவின் பேரனுக்குப் பழனியில் மொட்டை. நேர்ந்துகொண்டது பெரியம்மா. போக வேண்டும் என்று முடிவானதும் வேன் பிடித்தாயிற்று, புளிசாதம் கட்டியாயிற்று, பதினான்கு பேர் கிளம்பியாயிற்று. அடிவாரத்தில் வேனை நிறுத்தி எல்லோரும் இறங்கிய பிறகு மருமகள் மட்டும் இறங்கவில்லை. "நீங்க போயிட்டு வாங்க அத்த, நான் இங்கயே இருக்கேன்" என்றாள். பிள்ளையைப் பெற்றவள் அவள். பிள்ளைக்கு மொட்டை. தாய் வேனுக்குள்.

அவள் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் சேரிக்கு நான்கு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு சேரி, அங்கே தாத்தா காலத்தில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள். அதே பறைத் தெரு, அதே சுடுகாட்டுப் பாதைத் தகராறு, அதே ரெட்டை டம்ளர் நினைவு. பெயர் மட்டும் வேறு.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மலையில் அன்றைக்கு யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அவ்வளவு கூட்டத்தில் கேட்கவும் முடியாது. அவளை எவரும் தடுக்கவில்லை. அவள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி படித்திருந்தாள், அது போதுமானதாக இருந்தது. 2024 ஜனவரி 30 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, பழனிக் கோயில் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது நினைவிருக்கும். இந்து அல்லாதவர்கள் கொடிமரத்துக்கு அப்பால் வரக்கூடாது என்று அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். வந்தே ஆக வேண்டும் என்றால், அந்தச் சாமி மீது நம்பிக்கை இருக்கிறது, கோயில் வழக்கங்களைக் கடைப்பிடிப்பேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கொரு பதிவேடு. பழனிக்காகத் தொடுத்த வழக்கு. உத்தரவோ தமிழ்நாட்டின் எல்லா இந்துக் கோயில்களுக்கும் பொருந்தும்படி வந்தது. கோயில் பிக்னிக் போகிற இடமில்லை என்றும் அதில் சொல்லப்பட்டது.

பிக்னிக்! பதினான்கு பேர் புளிசாதம் கட்டிக்கொண்டு பழனிக்குப் போவது பிக்னிக் இல்லாமல் வேறென்ன? நம் சனத்துக்குத் திருவிழாவும் சுற்றுலாவும் நேர்த்திக்கடனும் என்றைக்குத் தனித்தனியாக இருந்தன? வருசத்தில் ஒரு நாள் சேரியை விட்டு வெளியே போவதற்குப் பழனி ஒரு காரணம். விஞ்சில் ஏறுவதற்குப் பிள்ளைகள் அழும். ரோப் காரில் போகக் காசு கணக்குப் பார்ப்போம். பஞ்சாமிர்த டப்பா வாங்குவோம். அது பக்தி இல்லை என்று சொல்ல யாருக்கு அளவுகோல் கொடுத்தது யார்?

தோழர்களில் ஒரு பகுதியினர் இந்த இடத்தில் குறுக்கிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். "கோயிலுக்கே போகக்கூடாது என்கிறோம், நீங்கள் கொடிமரத்தைத் தாண்ட முடியவில்லை என்று அழுகிறீர்கள்." நியாயமான கேள்வி, நானே பத்து வருசம் முன்பு கல்லூரி விடுதியில் மற்றவர்களைப் பார்த்துக் கேட்டதுதான். அதற்கு வருகிறேன். முதலில் மலையேறுவோம்.

பழனி மலைக்கு ஏறுகிற வழியில், முருகனைப் பார்ப்பதற்கு முன்னால் இடும்பனைப் பார்க்க வேண்டும். அது முறை. இடும்பன் கதை தெரியாதவர்களுக்காக: அகத்தியர் சொன்னார் என்று சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளை வடக்கிலிருந்து காவடியாகக் கட்டித் தோளில் தூக்கிவந்த அசுரன் அவன். களைத்துப்போய்ப் பழனியில் இறக்கி வைத்தான். மறுபடி தூக்கினால் மலை அசையவில்லை. மேலே ஒரு பையன் கோவணத்தோடு நின்றுகொண்டு, இது என் மலை என்றான். சண்டை. தூக்கிவந்தவன் செத்தான். அவன் பெண்டாட்டி அழுதாள். பையன் உயிர் கொடுத்தான், கூடவே ஒரு வேலையும் கொடுத்தான். வாசல் காவல்.

மலையைச் சுமந்து கொண்டுவந்தவன் ஒருத்தன். மலை இன்னொருவருக்குச் சொந்தம். சுமந்தவனுக்குக் காவல்காரன் பதவி, அதுவும் பெரிய வரமாகச் சொல்லப்படுகிறது. சின்ன வயதில் பெரியப்பா தோளில் உட்கார்ந்து இந்தக் கதையைக் கேட்டபோது எனக்கு இடும்பன் மீது பாவமாக இருந்தது. இப்போது கேட்கும்போது வேறு என்னவோ தோன்றுகிறது, கடைசியில் சொல்கிறேன்.

மேலே போனால் தண்டாயுதபாணி. ஆண்டிக் கோலம், கையில் தண்டம். நவபாஷாணச் சிலை, போகர் செய்தது என்பது நம்பிக்கை. போகருக்கு அங்கேயே மலைமேல் சமாதி இருக்கிறது. சீனாவிலிருந்து வந்தவர் என்று ஒரு கதை, சீனாவுக்குப் போய்வந்தவர் என்று இன்னொரு கதை. இன்றைய பலகையின்படி பார்த்தால் போகரையே கொடிமரத்தில் நிறுத்தி நீங்கள் எந்த மதம் என்று கேட்க வேண்டியிருக்கும். சித்தர்களில் பலர் சாதியையும் ஆகமத்தையும் கல்லையும் கரித்துக் கொட்டியவர்கள். அப்படி ஒரு மரபைச் சேர்ந்தவர் செய்ததாகச் சொல்லும் சிலையைச் சுற்றித்தான் இத்தனை வாசல்கள்.

பூசை யார் செய்தார்கள்? போகரின் சீடர் புலிப்பாணி வழியில் வந்த பண்டாரங்கள் செய்தார்கள் என்றும், திருமலை நாயக்கர் காலத்தில் தளவாய் ராமப்பய்யன் வந்தபோது, பிராமணர் அல்லாதார் கையால் பிரசாதம் வாங்குவதா என்று கொங்குப் பகுதியிலிருந்து பிராமணர்களைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்தார் என்றும் பழனியின் வரலாற்றைச் சொல்கிறவர்களே சொல்கிறார்கள். இது பதினேழாம் நூற்றாண்டுச் சங்கதி. தொன்றுதொட்டு, அநாதி காலம் முதல், ஆகம விதிப்படி என்று நம்மிடம் நீட்டப்படுகிற வழக்கத்துக்கு ஒரு தேதியும் ஒரு தளபதியும் இருக்கிறார்கள். "வழக்கம்" என்று யாராவது சொன்னால் எந்த வருசத்திலிருந்து என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கே பாதி வழக்கங்கள் நிற்காது.

பண்டாரங்கள் இருந்திருந்தால் நம்மை உள்ளே விட்டிருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மயக்கம் வேண்டாம். முருகன் எங்கள் ஆள் என்று சொல்லாத சாதி தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. வள்ளியைக் குறத்தி என்று பாடிக்கொண்டே குறவர் வீட்டுப் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் கொடுக்க அலையவிடும் ஊர் இது. அடிவாரத்தில் சாதிப் பெயர் தாங்கி நிற்கிற மடங்களையும் சத்திரங்களையும் எண்ணிப் பாருங்கள். சாமி ஆண்டி, சத்திரம் மட்டும் சாதிக்கு ஒன்று.

இனி வாசல்களுக்கு வருவோம். எத்தனை வாசல், ஒவ்வொன்றிலும் என்ன கேட்கிறார்கள் என்பதில்தான் விசயம் இருக்கிறது.

1939 ஜூலை 8. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத அய்யர் தலைமையில், கக்கன் உள்ளிட்ட சிலர் நுழைந்தார்கள். பட்டர்களில் ஒரு கூட்டம் கோயிலையே பூட்டியது. மீனாட்சி கோயிலை விட்டு வெளியேறிவிட்டாள் என்று சொல்லித் தமிழ்ச் சங்கம் சாலையில் ஒரு பங்களாவில் தனி மீனாட்சியை வைத்துச் சில வருசம் பூசை நடத்தினார்கள். அதே மாதத்தில் அழகர்கோயில், திருப்பரங்குன்றம், பழனி என்று அடுத்தடுத்துக் கதவுகள் திறந்தன. நுழைந்தவர்களைக் காப்பாற்ற அந்த வருசமே ஒரு சட்டம் வந்தது. 1947-இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் ஆலயப் பிரவேசச் சட்டம்.

அந்தக் கதவை எந்தச் சாவியால் திறந்தார்கள்? "இவர்களும் இந்துக்களே." இவர்களும் மனிதர்களே என்று சொல்லியோ, பொதுப் பணத்தில் நடக்கிற பொது இடம் என்று சொல்லியோ திறக்கவில்லை. இந்து என்ற சொல்தான் சாவி. அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவைப் பாருங்கள். பொதுத்தன்மை கொண்ட இந்து சமய நிறுவனங்களை இந்துக்களின் எல்லா வகுப்பாருக்கும் திறந்துவிட அரசு சட்டம் செய்யலாம் என்றுதான் எழுதியிருக்கிறது. 1955-இன் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கூர்மையாகச் சொல்கிறது. அதே மதத்தைச் சேர்ந்த மற்றவர்களுக்குத் திறந்திருக்கும் வழிபாட்டிடத்தில் ஒருவரைத் தீண்டாமை காரணமாகத் தடுத்தால் குற்றம். அதே மதம். அந்த இரண்டு சொல்லைக் கவனியுங்கள். மதம் மாறிப் போனவனை வாசலில் நிறுத்தினால் இந்தச் சட்டத்தின் கண்ணில் அது தீண்டாமையாகத் தெரியாது.

1939-இல் நமக்குக் கதவைத் திறந்த சாவியைத்தான் 2024-இல் பூட்டுவதற்குத் திருப்பியிருக்கிறார்கள். சாவி ஒன்றுதான். ஒரே சேரியில், ஒரே ரத்தத்தில், அக்கா மேலே போகலாம், தங்கச்சி வேனில் உட்கார வேண்டும்.

அவளுடைய கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1950-ஆம் வருசக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களே பட்டியல் சாதியினர் என்றது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவ தலித்துக்கு இன்றுவரை இடமில்லை, தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், உண்மையான நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக இந்து என்று சொல்லிக்கொள்வது அரசமைப்புச் சட்டத்தின் மீதான மோசடி என்றது. ஆக, சர்ச்சுக்குப் போனால் பட்டியலில் இல்லை. இந்து என்றால் மோசடி. சரி, கிறிஸ்தவச்சியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்றால் சர்ச்சிலாவது சமமா? திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரைப் பிரித்து நிற்கிற சுவரைப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள். செத்த பிறகும் சுவர். அவளுக்கு ஊரில் சாதி இருக்கிறது, சான்றிதழில் இல்லை. கோயிலில் மதம் இருக்கிறது, கல்லறையில் சாதி இருக்கிறது. எங்கே எது பாதகமோ அங்கே அது மட்டும் அவள் மேல் ஒட்டிக்கொள்கிறது.

இன்னொரு வேடிக்கை. சான்றிதழில் இந்து என்று போட்டிருக்கும் கறுப்புச் சட்டை நாத்திகர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நேராகக் கருவறை வரிசைக்குப் போகலாம். அவரிடம் நம்பிக்கை இருக்கிறதா என்று யாரும் எழுதி வாங்கப் போவதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது மாமியாரோடு சேர்ந்து முருகனுக்கு மஞ்சத்துணியில் காசு முடிந்து வைத்த இவள்தான் கையெழுத்துப் போட வேண்டும். நம்பிக்கைதான் அளவு என்றால் எல்லோரிடமும் கேட்கட்டும். கேட்க மாட்டார்கள். ஏனென்றால் அளவு பிறப்புதான், வேறெதுவும் இல்லை.

கொடிமரத்தைத் தாண்டிப் போய்விட்ட நாமாவது கடைசிவரை போய்விட்டோமா? கருவறை வாசலில் அடுத்த கேள்வி நிற்கிறது. 1970-இல் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கச் சட்டத் திருத்தம், 1972-இல் சேசம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2006-இல் அரசாணை, பிறகு ஆறு இடங்களில் பயிற்சிப் பள்ளி. அதில் ஒன்று இந்தப் பழனியில்தான். மொத்தம் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் எல்லா சாதியிலிருந்தும் படித்து முடித்தார்கள். படித்தவர்கள் வேலைக்காக வருசக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். 2021 ஆகஸ்ட் 14-இல் அவர்களில் 24 பேருக்கு ஆணை கிடைத்தது. முருகன் கோயிலான குமாரவயலூரில் நியமிக்கப்பட்ட இருவரின் நியமனத்தை 2023 மார்ச்சில் ஒரு தனி நீதிபதி ரத்துசெய்தார். மந்திரம் தெரியும், முறை தெரியும், அரசு கொடுத்த சான்றிதழ் இருக்கிறது. பிறப்பு இல்லை.

மொட்டை அடிக்கிற இடத்துக்கு வாருங்கள். அங்கே உட்கார்ந்து எல்லாச் சாதித் தலையையும் தொட்டுச் சிரைப்பவர் முடிதிருத்தும் தொழிலாளி. கோடீஸ்வரனும் அவர் முன்னால் தலையைக் குனிந்துதான் ஆக வேண்டும். 2021-இல்தான் மொட்டைக்குக் கட்டணம் கிடையாது என்று அரசு அறிவித்தது, தொழிலாளிக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை என்றது. அந்தக் கை பட்டால்தான் நேர்த்திக்கடன் நிறைவேறும். அந்தக் கை சாமியைத் தொடக்கூடாது. கிரிவலப் பாதையில் அதிகாலையில் குப்பை அள்ளுகிறவர்களிடம் எந்த ஊர், எந்தத் தெரு என்று பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பதிலை நான் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனைக்கும் மலைக்கோயில் நமக்குக் கொஞ்சம் நல்லதுதான் செய்திருக்கிறது என்பேன். கூட்டம் நல்லது. லட்சம் பேரில் உன் சாதி என்னவென்று பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. பெரியம்மா பழனியை விரும்புவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன், அவள் அப்படிச் சொல்ல மாட்டாள். எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அதன் வாசற்படியை அவள் இதுவரை மிதித்ததில்லை. நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தெய்வத்தின் முன்னால் நிற்கலாம், நூறு அடியில் இருக்கும் தெய்வத்தின் முன்னால் நிற்க முடியாது. மேல்பாதியைப் பாருங்கள். 2023-இல் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித்துகளை அடித்தார்கள், ஜூனில் கோயிலுக்கே சீல் வைத்தார்கள், நம் மக்கள் போலீஸ் காவலோடு உள்ளே நுழைய 2025 ஏப்ரல் ஆயிற்று. தென்முடியனூரில் 2023 ஜனவரியில் மாவட்ட நிர்வாகமும் போலீசும் சூழ்ந்து நின்றுதான் முத்துமாரியம்மனைக் கும்பிட முடிந்தது. அங்கெல்லாம் பலகை எதுவும் கிடையாது. இவர்கள் இந்துக்களா என்ற சந்தேகமும் யாருக்கும் வரவில்லை. இந்துக்கள்தான், அதனால்தான் அடி.

ஊர்க்கோயிலில் இந்து என்பது உதவாது. மலைக்கோயிலில் இந்து என்பது அனுமதிச் சீட்டு. கருவறையில் மறுபடி உதவாது. இப்படி நடுவில் மட்டும் வேலை செய்கிற ஒரு சொல்லை யாருக்காக வைத்திருக்கிறார்கள்?

இப்போது அந்தத் தோழர்களின் கேள்வி. அம்பேத்கர் நாசிக்கில் காலாராம் கோயில் வாசலில் 1930 மார்ச்சில் தொடங்கிய போராட்டம் ஐந்து வருசம் நீண்டது. அதற்கு முந்தின வருசம் புனேயில் பார்வதி மலை. பேசுவாக்கள் கட்டிய மலைக்கோயில், சிவன், பார்வதி, விஷ்ணு, கார்த்திகேயன் என்று ஒரு தொகுதியே மேலே இருக்கிறது. பேசுவா ஆட்சியில் நம்மவர்கள் அந்த நகரத்தில் எச்சில் துப்பக் கழுத்தில் கலயமும், காலடித் தடத்தை அழிக்க இடுப்பில் துடைப்பமும் கட்டி நடக்க வேண்டியிருந்தது என்று அம்பேத்கர் எழுதியிருக்கிறார். அந்த மலைப்படியில் 1929 அக்டோபரில் ஏறப்போனவர்களைக் கல்லால் அடித்தார்கள். இவ்வளவுக்கும் பிறகு, 1933-இல் காந்தி தரப்பு ஆலயப் பிரவேச மசோதாவுக்கு ஆதரவு கேட்டபோது அவர் கேட்டது இதுதான்: கோயில் நுழைவுதான் உங்கள் முடிவா, அல்லது சாதியை ஒழிப்பதற்கு முதல் படியா?  1935-இல் இயோலாவில் இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தார். 1956-இல் செய்து காட்டினார்.

நான் இதைப் படித்துப் புரிந்துகொண்ட விதம் வேறு. கோயிலுக்குப் போகாதே என்று அவர் சொன்னதற்கும், கோயிலுக்குள் வராதே என்று அவன் சொன்னதற்கும் நடுவில் ஒரு பாதாளம் இருக்கிறது. போகாமல் இருப்பது என் முடிவாக இருக்க வேண்டுமானால் போகிற உரிமை என் கையில் இருக்க வேண்டும். தடுக்கப்பட்டவன் நாத்திகனாக இருப்பதில் என்ன பெருமை? நான் சாமி கும்பிடுவதில்லை. அன்றைக்கும் பிரகாரத்தில் சுற்றிவிட்டுப் போகர் சமாதிப் பக்கம் நின்றேன், அவ்வளவுதான். பெரியம்மா கும்பிட்டாள். அவள் கும்பிடுவதை நான் மறுக்கலாம், வாதாடலாம், அதற்கு அவள் என்னை ஏசலாம். கொடிமரத்தில் நிற்கிற பலகை எங்கள் வாதத்துக்குள் வரக்கூடாது.

இடும்பனுக்கு வருகிறேன். கடந்த இரண்டு மூன்று வருசமாக முருகனைச் சுற்றி ஒரு அரசியல் உருண்டு திரள்கிறது. 2024 ஆகஸ்டில் பழனியில் அரசே மாநாடு நடத்தியது. 2025 பிப்ரவரியில் திருப்பரங்குன்றத்தில் சிக்கந்தர் தர்கா இருக்கிற மலையை வைத்து ஆள் திரட்டினார்கள். ஜூனில் மதுரையில் இந்து முன்னணியின் மாநாடு. அந்தக் கூட்டங்களின் படங்களில் நம் தெருப் பையன்களின் முகம் இருக்கிறது. கையில் வேல், நெற்றியில் பட்டை, தொண்டை கிழியக் கோஷம். எனக்குக் கோபம் வரவில்லை, பயம் வருகிறது. அந்தப் பையனின் ஊரில் அவனுக்குத் தேர் வடம் தொட உரிமை கிடையாது. திருப்பரங்குன்றம் மலைக்குக் காவல் நிற்க மட்டும் அவன் வேண்டும். மலையைச் சுமந்தவனுக்குக் கொடுத்த அதே வேலை. யாரைத் தடுக்க? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற சொந்தச் சித்தப்பா மகளை. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போகிற மீனாட்சிபுரத்துச் சொந்தக்காரனை. 1981-இல் அங்கே முஸ்லிமாக மாறியவர்களும் நம் தெருதான்.

தம்பிகளுக்கு நேரடியாகவே சொல்கிறேன். அந்தப் பலகைக்கு ஆதரவாக உங்கள் பக்கத்தில் ஒரு பதிவு போடுவதற்கு முன் ஊர்க் கோயிலுக்குள் ஒரு முறை போய்வந்துவிட்டுப் போடுங்கள். போய்வந்த படத்தையும் சேர்த்துப் போடுங்கள். உங்களுக்காகப் பதிவு போட அந்த மாநாட்டிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மொட்டை முடிந்து சந்தனம் பூசிய தலையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் இறங்கி வந்தபோது மணி மூன்று. மருமகள் வேன் படியில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் தலையைத் தடவிப் பார்த்து, எங்கேயாவது கத்தி பட்டிருக்கிறதா என்று தேடினாள். பெரியம்மா பஞ்சாமிர்தத்தை ஒரு விரலில் எடுத்து அவள் வாயில் வைத்தாள். திரும்பி வருகிற வழியில் ஒட்டன்சத்திரம் தாண்டியதும் மெதுவாக என்னிடம் கேட்டாள்:

"அண்ணே, அந்த நோட்டுல கையெழுத்துப் போடணும்னா, பேருக்கு நேரா என்ன மதம்னு எழுதணும்? ரேஷன் கார்டுல இருக்கறதா, ஊருல சொல்றதா?"